பட்டா எண் போடும் முடிச்சு

மந்தாரக்குப்பத்தில் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பழுப்பு நிலக்கரியும் கூடவே வந்துவிடும். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் சுரங்கத்துக்கு எத்தனையோ ஊர்களில் நிலம் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: இந்த சர்வே நம்பர் யார் பேரில், எத்தனை ஏர்? முன்பு கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டிச் சொன்ன பதிலை இப்போது வருவாய்த் துறையின் ‘தமிழ்நிலம்’ மென்பொருள் சொல்கிறது.

காகித அ-பதிவேட்டில் சர்வே நம்பர், பரப்பு, தீர்வை, பட்டா எண் ஆகியவற்றோடு பட்டாதாரர் பெயரும் இருக்கும். சிட்டாவிலும் அதே பெயர். ஒன்றில் திருத்தி இன்னொன்றில் விட்டுவிட்டால் இரண்டு பதிவேடும் ஆளுக்கொரு சொந்தக்காரரைக் காட்டும். இந்தத் தலைவலிக்கு மருந்து சொன்னவர் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட். 1970-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘ரிலேஷனல்’ தரவுத்தளம் பிறந்தது. அந்த வழியில் போனால் பெயரை ஓர் அட்டவணையில் மட்டும் வைத்து, மற்ற இடங்களில் பட்டா எண்ணை எழுதினால் போதும். தகவல் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்பதும் கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. 1974-இல் அதே ஐபிஎம்மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் கேள்வி கேட்க ஒரு மொழி அமைத்தார்கள். இன்றைய எஸ்க்யூஎல் அதன் வாரிசு.

விளக்கத்துக்கு ‘புலம்’, ‘உரிமையாளர்’ என்று இரண்டு அட்டவணை போதும். கேள்வியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்:

செலக்ட் பெயர், பரப்பு
ஃப்ரம் புலம் ஜாயின் உரிமையாளர்
ஆன் புலம்.பட்டா_எண் = உரிமையாளர்.பட்டா_எண்
வேர் சர்வே_எண் = '112/3'

இரண்டு அட்டவணையையும் பட்டா எண்ணில் முடிச்சுப் போடுவதுதான் ஜாயின். எழுதுவது சுலபம், ஏமாறுவது அதைவிடச் சுலபம். 112/3 என்பது அப்பா காலமான பிறகு மூன்று பிள்ளைகள் பேரில் கூட்டுப்பட்டாவாக இருக்கிறது, பரப்பு 40 ஏர் என்று வையுங்கள். மேலே உள்ள கேள்விக்கு மூன்று வரி பதில் வரும். மூன்றிலும் 40 என்றே இருக்கும். அதை அப்படியே கூட்டச் சொன்னால் 120 ஏர். இழப்பீட்டுக் கணக்கில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. தரவுத்தளத்தை இயக்கும் சர்வர் ஒரு முணுமுணுப்பும் காட்டாது, கேட்டதைத்தானே கொடுத்தது!

இதற்கு நேர்மாறான வில்லங்கம் புறம்போக்கில். வண்டிப்பாதைக்கும் ஏரிக்கும் பட்டா எண் கிடையாது. அந்தக் கட்டத்தில் இருப்பது ‘நல்’, அதாவது வெற்றிடம். வெற்றிடத்தோடு எதுவும் பொருந்தாது, இன்னொரு வெற்றிடம்கூட. ஆகவே சாதாரண ஜாயின் போட்டு கிராமத்தின் மொத்தப் பரப்பைக் கூட்டினால் ஏரி காணாமல் போயிருக்கும். ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டால் இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிகளும் வரும். ஏரிக்கு நேராகப் பெயர் மட்டும் காலியாக இருக்கும். கேள்வி எழுதப் பழகுகிறவர்கள் முதலில் கைவசப்படுத்த வேண்டியது இந்த இரண்டையும்தான் என்பேன்.

இனி சர்வரின் பங்கு. லட்சக்கணக்கான வரிகளில் 112/3-ஐத் தேட ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதற்கு ‘இண்டெக்ஸ்’ வைத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது ‘டிரான்சாக்ஷன்’. 112/3-இல் பாதியை விற்கிறார்கள். பழைய வரியை நீக்கி 112/3ஏ, 112/3பி என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும். நீக்கியாயிற்று, சேர்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. (மின்சாரம் விளைகிற ஊரிலும் கரண்ட் போகத்தான் செய்யும்.) நிலமே பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுமா? மறையாது. மூன்று வேலையையும் ஒரே டிரான்சாக்ஷனாகக் கட்டியிருந்தால், சர்வர் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் அட்டவணையைத் தொடும். மறுபடி எழுந்ததும் குறிப்பைப் படித்து, அரைகுறையாக நின்றதை ரத்து செய்துவிடும். 112/3 பழையபடி முழுசாக இருக்கும். டிரான்சாக்ஷன் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொரு அலுவலர் அதே வரியைத் திருத்த முயன்றால், முதல் வேலை முடியும் வரை அவரைக் காக்க வைக்கும்.

ஏயும் பியும் சேர்ந்து 40 ஏர் வருகிறதா என்று பார்க்கவும் சர்வரிடம் சொல்லி வைக்கலாம். தாத்தா இறந்து பல வருஷம் ஆகியும் பட்டா மாற்றாத குடும்பம் என்றால் மட்டும் சர்வரால் ஒன்றும் செய்ய முடியாது. செலக்ட் போட்டால் தாத்தா பேர்தான் வரும். யாராவது வாரிசுச் சான்றிதழோடு தாலுகா ஆபீஸ் படியேறிய பிறகுதான் அந்த வரிக்கு ‘அப்டேட்’.