மூன்று மணிக்கு எந்த யந்திரம் யாரைக் கேட்கும்?

2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை, நாள்தோறும் பிற்பகல் 3 மணி வரை, கூரைமேற் சூரியப் படல்களை உரிமையாளர்கள் தாமாகவே நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை விடுத்த வேண்டுகோளைப் பற்றிக் கல்லடியிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்து குவிந்த கடிதங்களெல்லாம் ஒரே வினாவில் முடிந்தன: புதுவருடத்துக்கு ஊருக்குப் போனவரின் இன்வேட்டரை நிறுத்துவது யார்? சபை சுயேச்சையான ஒத்துழைப்பு என்று கூறியது, அந்த யந்திரங்களோடு பேச அதற்கு வழியிருக்கவில்லை என்பதன் நாகரிகமான மறுபெயரே. அதே ஆண்டு பெப்ரவரி 9இல் மின்தடையால் நாடு இருண்டபோது முதலிற் பழி சுமந்தது பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கு. அந்த ஞாயிற்றுக்கிழமையின் மிகையான சூரிய மின்சாரம் பிற்பாடே பேச்சுக்கு வந்தது.

யந்திரங்களோடு பேச வழி இல்லாமலில்லை. கலிபோர்னியாவில் வழங்கும் ஐ.ஈ.ஈ.ஈ. 2030.5 என்னும் நியமம், இணையத்தளங்கள் பேசும் அதே முறையில் இன்வேட்டர்களைப் பேசவைக்கிறது. 1979இல் வந்த மொட்பஸ் என்னும் பழைய தொடர்பு முறையில் எசமான யந்திரம் கேட்டாலன்றி மற்றவை வாய் திறவா. 2030.5இலோ, கச்சேரியின் அறிவித்தற் பலகையை வந்து பார்த்துப் போகும் குடிமகனைப்போல, இன்வேட்டரே குறித்த இடைவேளைகளில் மின்நிறுவனத்தின் சேவையகத்தை அணுகி, இன்ன நேரம் தொடங்கி இவ்வளவு நேரம் வரை உற்பத்தியை இவ்வளவாகக் குறைக்கவேண்டும் என்ற கட்டளை உண்டா என்று வினவுகிறது. அக்கட்டளையோடு, தொடக்கத்தை எழுமாறாகச் சிதறச்செய்யும் ஓர் எண்ணும் வருவதுண்டு. ஒவ்வொரு யந்திரமும் அவ்வரம்புக்குள் தனக்கென ஒரு விநாடியைத் தெரிந்துகொள்வதாலும், தொடக்கத்தோடு முடிவும் நகர்வதாலும், மூன்று மணி அடித்தவுடன் ஆயிரக்கணக்கான கூரைகள் ஒருசேர விழித்து மின்தொகுதியைக் குலுக்கும் ஆபத்து விலகுகிறது. கையால் விசையைப் போடும் மனிதரிடம் இந்தச் சாதுரியத்தை எதிர்பார்க்க முடியாது.

ஆயினும் கவலைக்கிடமானது அதே பலகைதான். கேட்பது யந்திரமாயினும் எழுதுவது நிறுவனம். கட்டளை எதுவும் நடப்பில் இல்லாத வேளைக்கென்றும் அதே நிறுவனம் ஓர் இயல்புநிலைக் கட்டளையை விட்டுவைக்கலாம். இருதரப்பும் காட்டும் அடையாளச் சான்றிதழ்களோ, யந்திரத்தைப் பொறுத்தவரை, காலாவதியாகாதவை. ஒருமுறை களவுபோனால் அதன் விளைவும் நெடுங்காலம் நிற்கும்.

இணையம் அறுந்தால்? நடப்புக் கட்டளை முடிந்ததும் இயல்புநிலைக் கட்டளையே ஆளும்.

இரவில்? படலில் உற்பத்தி இல்லை, நிறுத்த எதுவுமில்லை.

இத்தகைய வேண்டுகோள் மீண்டும் வந்தால் என்ன செய்வது? பொருத்தித் தந்தவரைக் கேட்டு ஏசி பிரேக்கரை இறக்குங்கள். டீசி வயர்களைத் தொடவேண்டாம்.

பலகையில் எழுதுவோரைக் கண்காணிப்பது யார்? பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். இன்வேட்டர்கள் இணைந்தபின் கேட்பதற்குப் பிரயோசனம் குறைவு.