பேனும் பழியும்

பிற உயிர்களின் உடலையே உறைவிடமாகக் கொண்டு, அவற்றின் குருதியை உண்டு வாழும் சிற்றுயிர்கள் பல. அவற்றை ஒட்டுண்ணிகள் என்பர். மக்கள் தலையில் வாழும் பேன் அத்தகைய ஓர் உயிராகும். அதன் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். அதன் ஆறு கால்களிலும் கொக்கி போன்ற நகங்கள் உண்டு. அதற்குச் சிறகு இல்லை. தாவிக் குதிக்கவும் அது அறியாது. ஒரு தலை மற்றொரு தலையோடு நெருங்கித் தொடும்போது ஊர்ந்து சென்று குடியேறும். அதன் முட்டையே ஈர் எனப்படுவது. அது மயிரின் அடியில் இறுக ஒட்டிக்கொண்டு, 7 முதல் 10 நாள்களில் பொரிக்கும்.

பேன் உள்ளவரைத் தூய்மையற்றவர் என இகழ்வது உலக வழக்கு. இவ்வழக்கு முறையாகுமா? இங்கிலாந்தில் நிகழ்ந்த நிகழ்ச்சியொன்று இதற்கு விடை பகரும்.

1939ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. விமானங்கள் குண்டு பொழியும் என்று அஞ்சிய அரசினர், பெருநகரங்களில் வாழ்ந்த பிள்ளைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினர். சில நாள்களுக்குள் தாய்மார் உள்ளிட்ட ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். அவர்களை ஏற்ற வீட்டார் பலர், பிள்ளைகளின் தலையில் பேனைக் கண்டு அருவருத்தனர். நகரத்து ஏழைத் தாய்மார் பொறுப்பற்றவர் என்ற பழிச்சொல் எழுந்தது.

கென்னத் மெல்லன்பி என்னும் பூச்சியியல் அறிஞர் இதனை ஆராய்ந்தார். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகளை அவர் தொகுத்து, 1941ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். பள்ளி ஆய்வுகள் கூறிய அளவினும் பேன் மிகுதியாக இருந்தது. தொழில் நகரங்களில் மிக்கும் நாட்டுப்புறங்களில் குறைந்தும் காணப்பட்டது.

இவ்வேறுபாடு ஏன்? பேன் செல்வர் குருதி, வறியர் குருதி என்று பிரித்தறியாது. நாள்தோறும் கழுவிய கூந்தலிலும் அது வாழும். ஆனால், ஒரே அறையில் பலர் உறங்கும் வீட்டில் தலையோடு தலை நெருங்குகின்றது. ஒரே படுக்கையில் உடன்பிறந்தார் மூவர் படுத்தால், ஒருவர் தலைப்பேன் மூவர்க்கும் உரியதாகின்றது. நாள் முழுதும் உழைத்துக் களைத்த தாய்க்கு ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் வாரிப் பார்க்க நேரம் ஏது? ஆகவே, வறுமை பேனைப் படைப்பதில்லை. அது பரவ வழி திறந்து, அதனை நீக்கும் வாய்ப்பைக் குறைக்கின்றது. குற்றம் தாயினுடையது அன்று, நெருக்கடியான வாழ்க்கையினுடையதே.

பேனை ஒழிக்கும் வழி எளிது. கூந்தலை நனைத்து, நெருங்கிய பற்களையுடைய பேன்சீப்பால் அடியிலிருந்து நுனிவரை வாருதல் வேண்டும். சில நாள்களுக்கு ஒருமுறை, இரண்டு வாரங்கள் இவ்வாறு செய்தல் வேண்டும். வீட்டார் அனைவர் தலையையும் ஒரே நாளில் பார்த்தல் நன்று. ஒருவரைமட்டும் தூய்மை செய்தால், பேன் மற்றவரிடமிருந்து மீண்டும் வந்துவிடும்.

மாணவர்களே! பேன் உள்ள தோழனை நகையாடினால், அவன் அதனை மறைப்பான்; மறைத்தால் அது பலரிடம் பரவும். நலமுடைய பிள்ளையைப் பேனுக்காகப் பள்ளியிலிருந்து விலக்குதல் கூடாது என்பதே இன்றைய மருத்துவர் கருத்து. தலையிலுள்ள பேனைச் சீப்பு நீக்கும். மனத்திலுள்ள இகழ்ச்சியை அறிவே நீக்கும்.