இரவில் கெண்டைக்கால் இழுக்கிறதா? பகலில் ஒரு முக்காலி போடுவோம்!

காலையில் கடை திறந்தது முதல் இரவு கணக்கு முடிக்கும் வரை நின்றபடியே பிழைப்பு நடத்துகிறவர்கள் நாம். இப்படி நின்ற கால், படுத்துக் கண் அயர்ந்த பிறகு நம்மிடம் கணக்குக் கேட்கிறது. நடுஇரவில் கெண்டைச்சதை கல்லாக இறுகி உயிர்போகும் வலி எடுக்கிறது. இதற்குக் குரக்குவலி என்று பெயர். "நரம்பு சுண்டி இழுக்கிறது" என்று நாம் சொன்னாலும் இறுகுவது சதைதான். பெரும்பாலும் சில நிமிடங்களில் விட்டுவிடும். நோவு மட்டும் மறுநாள் வரை இருக்கும்.

களைத்துப்போன சதையும் ஏறுகிற வயதும் இதற்கு முக்கியக் காரணங்கள். படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கெண்டைச்சதை சுருங்கியே கிடப்பதும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. தென்கொரியத் தொழிலாளர்களைப் பற்றி 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, நெடுநேரம் நின்று வேலை செய்கிறவர்களிடம் இரவுக் குரக்குவலியும் நரம்புச் சுருட்டலும் அதிகம் என்று காட்டியது.

வலி வந்தவுடன்

முழங்காலை நீட்டிக்கொண்டு, கால்விரல்களை நம் முகத்தை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். விரல் எட்டாதவர்கள் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். எழுந்து நின்று, குதிகாலைத் தரையில் அழுத்தி ஊன்றினாலும் சதை இளகும். பிறகு கையால் நீவிவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒத்தடத்தைத் தவிர்ப்பது நல்லது. சூடு தெரியாமல் கொப்புளமாகிவிடும்.

வராமல் தடுக்க

படுக்கப் போகுமுன் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னே சாய வேண்டும். பத்து விநாடி அப்படியே நின்று, ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை செய்தால் போதும். நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, 2012-ல் வெளியானது. தினமும் படுக்குமுன் கெண்டைச்சதையையும் பின்தொடைச் சதையையும் இப்படி நீட்டியவர்களுக்கு ஆறு வாரத்தில் வலி வருவது குறைந்தது. இதற்குக் காசு செலவில்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களுக்கு வரும் பிடிப்பு வேறு வகை. வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துவந்த இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு உப்புக் கலந்த நீர் கொடுத்ததும் பிடிப்பு குறைந்ததை 1920-களில் கண்டார்கள். நம் தஞ்சை மண்ணில் உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் காலங்காலமாகச் செய்து வருவது இதைத்தான். கடை வாசலில் ஒரு பானை மோர் வைப்பது சுமைதூக்கும் தோழர்களுக்கு நாம் செய்யும் உதவி. இரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு உப்பைச் சேர்க்கட்டும்.

உட்கார இடம்

கேரளத்தில் 2018-ல் வந்தது போலவே, தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 திருத்தப்பட்டது. புதிதாகச் சேர்ந்த 22-அ பிரிவின்படி, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்குத் தகுந்த இருக்கை எல்லாப் பணியாளருக்கும் இருக்க வேண்டும். "கடைப்பையன் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும்" என்று எண்ணுவது தவறு. மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து எழுந்தவர்தான், மாலைக் கூட்டத்தில் முகம் சுளிக்காமல் பொட்டலம் கட்டுவார். முதலாளியின் காலுக்கும் அதே முக்காலி மருந்து.

மாத்திரை வேண்டுமா?

முன்பு இந்த வலிக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பது வழக்கமாக இருந்தது. அது இரத்தத்தையும் இதயத்துடிப்பையும் பாதிக்கக்கூடும் என்பதால், அமெரிக்க அரசு இந்த வலிக்கென மருந்துச்சீட்டு இல்லாமல் அதை விற்பதை 1994-ல் தடை செய்தது. நாமாக வாங்கி விழுங்கக் கூடாது. மெக்னீசியம் மாத்திரையும் முதியவர்களின் இரவு வலிக்குப் பெரிதாகப் பயன்படவில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு.

எப்போது மருத்துவரிடம்?

ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி, சிவந்து, சூடாக வலித்தால், இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; அந்தக் காலை நீவிவிடக் கூடாது. நடந்தால் வலித்து நின்றால் விடுகிறது என்றால், காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவர்கள் அலட்சியம் செய்யக் கூடாது. அடிக்கடி இரவில் வலிப்பவர்கள் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகச் சோதனை செய்துகொள்வது நல்லது. நீர் பிரியச் சாப்பிடும் மாத்திரை, கொழுப்புக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றாலும் வலி வரலாம். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

தராசுக்கும் படிக்கல்லுக்கும் தவறாமல் முத்திரை போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். நம்மையும் நம் பணியாளரையும் தாங்கும் கால்களையும் கொஞ்சம் கவனிப்போம். தஞ்சை கீழவாசலானாலும் மன்னார்குடிக் கடைத்தெருவானாலும், கல்லாவுக்குப் பக்கத்திலும் தராசுக்குப் பக்கத்திலும் ஆளுக்கொரு முக்காலி இருக்கட்டும்.