ஆட்டத்தின் முடிவுக்கு ஒரு விலை

இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் வீடியோ விளையாட்டுப் போட்டியில் எந்த அணி வெல்லும் என்பது போன்ற கணிப்புகளைப் பங்குபோல வாங்கி விற்கும் இடம் கணிப்புச் சந்தை. ‘இந்த அணி வெல்லும்’ என்பது அங்கே ஓர் ஒப்பந்தம். எடுத்துக்காட்டாக, அணி வென்றால் ஒப்பந்தத்தை வைத்திருப்பவருக்கு 10 ரூபாய் கிடைக்கும், தோற்றால் ஒன்றுமில்லை. ‘ஆம்’ 6 ரூபாய்க்கு விலைபோனால் ‘இல்லை’யின் விலை 4 ரூபாய். அதாவது, அந்த அணி வெல்ல நூற்றுக்கு அறுபது பங்கு வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது. இங்கே பணம் வைக்கும் இருவர்தான் ஒருவருக்கு ஒருவர் எதிர். நடத்தும் நிறுவனத்துக்குக் கமிஷன். ஒருவர் ஈட்டுவது இன்னொருவர் இழந்த பணம் என்பதால், கமிஷன் போக, கலந்துகொண்டவர்களை மொத்தமாகப் பார்த்தால் மிஞ்சுவது நட்டமே.

இந்த ஏற்பாடு ஆய்வுக்காகப் பிறந்தது. 1988 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி அயோவா பல்கலைக்கழகம் சிறு தொகைகளைக் கொண்டு ஒரு சந்தை நடத்தியது. பலரிடம் சிதறிக் கிடக்கும் செய்தி விலையில் வந்து சேரும் என்பது அதன் அடிப்படை. பிறகு பாலிமார்க்கெட், கால்ஷி போன்ற நிறுவனங்கள் இதை வணிகமாக்கின. இந்தியாவில் 2019-இல் தொடங்கிய புரோபோ, 10 ரூபாய்க்குட்பட்ட விலைகளில் கிரிக்கெட் உட்படப் பலவற்றின் மீதும் இப்படிப் பணம் வைக்க வழிசெய்தது.

தேர்தலுக்குப் பொருந்தியது இ-ஸ்போர்ட்ஸுக்கு எளிதில் பொருந்தாது. வாக்காளர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஓர் அணியின் உண்மை நிலையோ ஐந்தாறு வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் மட்டுமே தெரியும். கவுன்டர்-ஸ்டிரைக் 2 என்ற சுடும் விளையாட்டில் அணிக்கு ஐவர். வழக்கமாக, முதலில் 13 சுற்று வெல்லும் அணிக்கே வெற்றி. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் விலை தாவுகிறது. பெரிய போட்டிகளில், பார்வையாளர்கள் எதிரணியின் இருப்பிடத்தை வீரர்களுக்குச் சொல்லிவிடாதிருக்க, நேரலையைச் சற்றுத் தாமதித்தே ஒளிபரப்புகிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அரங்கில் இருப்பவருக்குத் தெரிந்துவிட்ட முடிவு, வீட்டில் திரையைப் பார்த்து ஒப்பந்தம் வாங்குபவருக்கு இன்னும் வந்திருக்காது. அவர் கட்டும் பணம், முன்பே அறிந்தவரின் கைக்குப் போகிறது. இதைத் திறமை என்று விளம்பரம் செய்வது பெரிய அநியாயம்.

இதைவிடக் கொடியது, விளையாடுபவரே விலைபோவது. 2014-இல் ஐபைபவர் என்ற அமெரிக்க அணி கவுன்டர்-ஸ்டிரைக் ஆட்டமொன்றில் வேண்டுமென்றே தோற்றது. விளையாட்டுக்குள் ஆயுதங்களுக்கு அலங்காரத் தோற்றம் தரும் ‘ஸ்கின்’களை வைத்து அந்த ஆட்டத்தின் மீது பந்தயம் நடந்திருந்தது. அடுத்த ஆண்டு, அந்த விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அந்த அணியின் வீரர்களில் பெரும்பாலோரைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. தென்கொரியாவின் லீ சுங்-ஹியுன் 2014-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 உலகப் பட்டம் வென்றவர். பணம் வாங்கிக்கொண்டு தோற்றதற்காக 2016-இல் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அந்தத் திறமை அதோடு வீணாயிற்று.

இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராக ஒன்றிய அரசைத் தமிழ்நாடு முந்திக்கொண்டது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, இத்தகைய கணிப்பு வணிகம் தன் பாதுகாப்புக்குள் வராது என்று 2025 ஏப்ரலில் எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கை அது ஓரம் தள்ளி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்கிறது. புரோபோவும் பண ஆட்டங்களை நிறுத்தியது.

இ-ஸ்போர்ட்ஸை மட்டும் அந்தச் சட்டம் தனியே அங்கீகரித்து, இத்தடையிலிருந்து விலக்குகிறது. குருவிகுளம் போன்ற ஓர் ஊரின் இளைஞர் பதிவுபெற்ற போட்டியில் நுழைவுக் கட்டணம் செலுத்தி ஆடலாம். வென்றால் பரிசுப் பணம் பெறலாம். அந்தப் போட்டியின் மீது அவரோ வேறு யாருமோ பந்தயம் கட்டினால் அது இ-ஸ்போர்ட்ஸ் என்ற வரையறையிலிருந்தே விலகிவிடும். பண விளையாட்டை நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பணம் கட்டி இழந்தவருக்குத் தண்டனை இல்லை.