தறிச் சத்தம் ஏன் வந்து சேரவில்லை?

சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், கோவையில் இருவர். இணையத்தில் கூடிக் கதை விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் பாத்திரங்களாகவே பேசுவார்கள். இக்கட்டான இடத்தில் பகடை முடிவு சொல்லும். 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பரப்பிய ஆட்டம் இது.

இந்த வாரக் கதை ஆரணியில் என்று வைத்துக்கொள்வோம். காணாமல் போன பட்டுப்புடவையைத் தேடி நெசவாளர் தெருவுக்குள் நுழைகிறார்கள். நடத்துபவர் தறிச் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓடவிடுகிறார். அவர் காதுக்குத் தெருவே எழுந்து வருகிறது. மற்ற மூவருக்கும் ஒன்றுமே கேட்கவில்லை.

டிஸ்கார்ட், ஜூம் போன்ற செயலிகளின் வேலை பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மற்றதெல்லாம் அவற்றுக்கு இரைச்சல்தான். மழை, மின்விசிறி என்று ஒரே சீராக ஒலிப்பதை அளந்து கழிப்பது பழைய முறை. மனிதக் குரலை அடையாளம் காணப் பழக்கப்பட்ட நியூரல் நெட்வொர்க்குகள் இப்போது நாய்க் குரைப்பு, கீபோர்டு தட்டல் போன்ற திடீர் ஓசைகளையும் வடிகட்டிவிடுகின்றன. ஊடையை அடித்து நெருக்கும் தறியின் ‘டக்’கும் அந்தக் கணக்கில் போய்விடும். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் பேசுகிறவருக்கு இது பெரிய உதவி. நம்மவருக்குத்தான் தொல்லை.

இரைச்சல் நீக்கியை அணைத்துவிட்டால் ஓசை மற்றவர்களுக்குப் போய்ச் சேரலாம். கூடவே வீட்டுக் குக்கர் விசிலும் போய்ச் சேரும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மைக்கை நம்புவதில்லை. கணினிக்குள்ளேயே ‘விர்ச்சுவல் கேபிள்’ மென்பொருளால் ஓசையை நேராக அழைப்பில் சேர்ப்பார்கள். அல்லது ‘கென்கு எஃப்எம்’ போன்ற கருவியை டிஸ்கார்டில் தனி உறுப்பினராக உட்காரவைத்து ஒலிக்கச் செய்வார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு வழி: ஓசையை அனுப்பவே வேண்டாம். ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற, கதை விளையாட்டுக்கான மெய்நிகர் மேசைகளில் ஒலிக்கோப்பு முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். நடத்துபவர் பொத்தானை அழுத்தினால் ‘இதை ஒலி’ என்ற சின்னக் கட்டளை மட்டும் போகும். அவரவர் பிரவுசர் கோப்பை இறக்கி ஒலிக்கும். ஆரணிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறிக்கு வடிவம் சொல்லும் ஜக்கார்டு அட்டையும் இப்படித்தான்: அதில் மயிலோ மாங்காயோ இருக்காது. எந்தப் பாவு நூல் எழும்ப வேண்டும் என்பதைச் சொல்லும் துளைகள்தான் இருக்கும். உருவம் விழுவது தறியில்.

இந்த மேசைகளில் ஆளுக்கொரு ஒலியளவு வைத்துக்கொள்ளலாம். ஃபவுண்ட்ரியில் இன்னொரு வசதி: வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தறி ஓசையைப் பதித்துவைத்தால், பாத்திரம் கிட்ட வர வர ஓசை கூடும், சுவர் குறுக்கிட்டால் மறையும். நெசவாளர் தெருவில் நடந்தால் காதுக்குக் கிடைக்கும் அனுபவமும் ஏறக்குறைய இதுதான். யாருக்காவது கேட்கவில்லை என்றால் பிரவுசரில் திறந்திருக்கும் பக்கத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்யச் சொல்லுங்கள். அதுவரை தானாக ஒலிக்கப் பல பிரவுசர்கள் விடாது.

தறி வீட்டில் அனுமதி கேட்டு ஓசையைப் பதிவு செய்யுங்கள், கொஞ்சம் நீளமாகவே. பத்து விநாடித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் காது சீக்கிரமே கண்டுபிடித்துவிடும், பிறகு கதையில் மனம் நிற்காது. தறிக்கு 47 விநாடி, தெருச் சத்தத்துக்கு 71 விநாடி என்று இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஓடவிடுங்கள். இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 3,337 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 56 நிமிடம் ஆகும்.