பீரோச் சாவியும் நூலகரும்

பள்ளிக்கூடத்துக்கு இனி நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, ஹைடெக் லேப் இருக்கிறது, அப்பாவின் போனில் ஏஐ இருக்கிறது. கேட்டதும் பதில் வருகிறது. அப்புறம் புத்தகத்துக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு சம்பளம் ஏன்?

நியாயமான கேள்விதான். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் ஏதாவது ஓர் அரசுப் பள்ளிக்குப் போய், "லைப்ரரி இருக்குதுங்களா?" என்று விசாரித்துப் பாருங்கள். "இருக்குதுங்க, பீரோவுல இருக்குதுங்க" என்று சொல்லும் பள்ளிகள் இன்னும் உண்டு. சாவி பொறுப்பாசிரியரிடம் இருக்கும். அவர் அன்றைக்குப் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போயிருப்பார்.

இயந்திரம் வந்து நூலகரின் வேலையைப் பறித்துவிடும் என்று வெளிநாடுகளில் பேசுகிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2023-ல் பல பள்ளிகளிலிருந்து நூலகர்களை நிஜமாகவே எடுத்துவிட்டார்கள். நம் அரசுப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. எடுப்பதற்கு அங்கே நூலகர் என்று ஒருவர் இருந்தால்தானே? பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழ்களும் இதழ்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்கிறது. அதை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லவில்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தின் நூலக மானியமும் அப்படித்தான்: பள்ளியின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை, எல்லாம் புத்தகத்துக்கு. சிபிஎஸ்இ அங்கீகாரம் கேட்கும் தனியார் பள்ளியோ நூலகர் ஒருவரைக் காட்டியாக வேண்டும். ஒரே ஊரில் வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு நூலகர் உண்டு, இன்னொருத்திக்குப் பீரோதான்.

பீரோ பூட்டியிருப்பதற்கு ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. பெஞ்சு, நாற்காலி மாதிரி புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்தால் அவருக்குச் சங்கடம். ஒருவரும் படிக்காவிட்டால் ஒரு சங்கடமும் இல்லை. பிறகு எதற்குத் திறப்பார்? பயின்ற நூலகராக இருந்தால் கிழிந்ததைக் கணக்கிலிருந்து கழிக்கும் முறை அவருக்குத் தெரியும். கிழியாத புத்தகத்தைப் பார்த்தால்தான் அவர் கவலைப்படுவார்.

இதில் நம் ஊருக்குத் தனியாக ஒரு வருத்தம் உண்டு. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகர் ஆவதற்கு முன் கோவை அரசுக் கல்லூரியிலும் கொஞ்சகாலம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் நெடுநாள் வற்புறுத்திய பொது நூலகச் சட்டத்தை 1948-ல் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம், திருப்பூர்க்காரர், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவர். சொத்து வரியோடு நாம் நூலக வரி கட்டுவதும், ஊருக்கு ஊர் கிளை நூலகம் இருப்பதும் அந்தச் சட்டத்தால்தான். ஆனால் அது பொது நூலகத்துக்கான சட்டம். பள்ளி நூலகம் அதற்கு வெளியே நின்றுவிட்டது.

சரி, தொழில்நுட்பம் உண்மையில் எதை மாற்றியிருக்கிறது?

பட்டியல் போடுவதை மாற்றிவிட்டது. அட்டை அட்டையாக எழுதி அடுக்கிய காலம் போய், நியூசிலாந்தில் பிறந்த கோஹா போன்ற இலவச மென்பொருளில் எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று நொடியில் பார்க்கலாம். சேமித்து வைப்பதையும் மாற்றிவிட்டது. ஈரோடு மாவட்டத்துப் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவான தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி. அதை வாங்கி வைக்க எத்தனை பள்ளிக்கு முடியும்? இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். இந்த இரண்டு வேலையும் இயந்திரத்துக்குப் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

பதில் சொல்லும் வேலைதான் வில்லங்கம். 2025 மே மாதம் சிகாகோ சன் டைம்ஸ் நாளிதழ், கோடை விடுமுறையில் படிக்க 15 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் பத்துப் புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை. எழுத்தாளர்கள் நிஜம், புத்தகங்கள் ஏஐயின் கற்பனை. தொகுத்தவர் சரிபார்க்கவில்லை. பத்திரிகைக்காரருக்கே இப்படியென்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? "இதை யார் சொன்னது, வேறெங்கே இருக்கிறது, எடுத்துக் காட்டு" என்று கேட்கப் பழக்கிவிட ஒருவர் வேண்டும். அந்தப் பாடம் நூலகத்தில்தான் நடக்கும்.

இன்னொரு வேலை, பிள்ளைக்கு ஏற்ற புத்தகத்தைக் கையில் கொடுப்பது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதை ரங்கநாதன் 1931-லேயே தம் ஐந்து விதிகளில் ஒன்றாக வைத்தார். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் அதைத்தான் வேறு விதமாகச் செய்கிறது. சின்னச் சின்னப் புத்தகங்கள், நான்கு படிகள்: நுழை, நட, ஓடு, பற. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு ஒன்று, சரளமாகப் படிப்பவளுக்கு வேறொன்று. நல்ல யோசனை. ஆனால் எந்தப் பிள்ளை நடக்கிறது, எது ஓடத் தயார் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஏழாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டுகிற பையன் அதைப் போனிடம் சொல்லமாட்டான். ஆசிரியரிடமும் மறைப்பான். மார்க் போடாத ஒருவரிடம் சொல்லக்கூடும்.

கணினியை வகுப்புக்குள் முந்திக்கொண்டு கொண்டுவந்த நாடுகளில் ஒன்றான ஸ்வீடன், 2025 ஜூலையிலிருந்து பள்ளி நூலகத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. இங்கேயோ, கோவை காந்திபுரத்தில் பெரியார் பெயரில் பெரிய நூலகமும் அறிவியல் மையமும் கட்ட 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அன்னூரிலிருந்தோ அந்தியூரிலிருந்தோ ஒரு பிள்ளை வாராவாரம் அங்கே வரமுடியாது.

பணியிடம் உருவாக்குவது அரசின் கையில். அதுவரை பக்கத்துக் கிளை நூலகரை மாதம் இரண்டு நாள் பள்ளிக்கு அழைக்கலாம், பிள்ளைகளை அங்கே உறுப்பினர் ஆக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான். கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு, புத்தகம் வழங்கும் பதிவேட்டை ஒருமுறை கேட்டு வாங்குங்கள். கடைசியாக எழுதியிருக்கும் தேதியைப் பாருங்கள்.