ஒற்றைத் தாள் ஏடு

ஏடு ஒன்று நடத்துவதென்றால் அச்சகம் வேண்டும், பணம் வேண்டும், ஆசிரியர் குழு வேண்டும் என்று எண்ணுவோர் பலர். இவை எவையும் இல்லாமல், ஒருவனே எழுதி, ஒருவனே நகலெடுத்து, ஒருவனே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏடும் உண்டு. அத்தகைய ஒன்றைக் கடந்த ஆகஸ்டு மாதம் தொடங்கினேன். ஒரே தாள், இரண்டு பக்கம், கையெழுத்து. பொருள் விஞ்ஞானம், மொழி தமிழ். மாதத்தின் முதல் ஞாயிறன்று பத்துப் பிரதிகள் விடுதியில் கைமாறும். இதுவரை ஆறு இதழ்கள் வந்துவிட்டன. குழந்தையானால் தவழத் தொடங்கும் பருவம். இப்பருவத்தில் ஓர் ஏட்டுக்கு என்னென்ன நேரும், அதை எவ்வாறு பேணுவது என்பதை எடுத்துச் சொன்னால், இதே ஆசையுள்ள நண்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறேன்.

எதற்காக இந்த வேலை என்று கேட்கலாம். காசியில் வாழும் நமக்கு வகுப்பறையில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி. தமிழுக்கு எஞ்சியிருப்பவை சாப்பாட்டு மேசையும் தொலைபேசியுமே. "சாப்பிட்டாயா, பணம் வந்ததா, எப்போது ஊருக்கு வருகிறாய்" என்ற மூன்று கேள்விகளுக்குள் நம் தாய்மொழி சுருங்கி வருகிறது. "அங்கே என்னதான் படிக்கிறாய்?" என்று வீட்டில் கேட்டால், "பௌதிகம்" என்ற ஒரே சொல்லோடு என் பதில் முடிந்துவிடும். ஐந்து ஆண்டுகள் கற்றதைப் பெற்ற தாய்க்கு ஐந்து நிமிடம் சொல்ல இயலாத கல்வி, எவ்வளவு உயர்ந்ததாயினும், பாதிக் கல்விதான். இந்த இடைவெளி ஒரே நாளில் தோன்றுவதில்லை. நாளுக்கு நாள் நூலிழையாக விலகிப் பின்னர் ஆறாகப் பெருகுவது. அதன்மேல் ஒரு மரப்பாலமாவது போடவேண்டும் என்பதே என் நோக்கம்.

தனிமனிதர் நடத்தும் ஏட்டை எளிதாக எண்ணிவிட வேண்டாம். உலகின் முதல் விஞ்ஞான ஏடுகளுள் ஒன்று அப்படித்தான் பிறந்தது. இலண்டன் இராயல் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க், 1665 மார்ச்சு 6-ஆம் நாள் 'பிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' என்ற மாத ஏட்டைத் தம் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டார். அதே ஆண்டு இலண்டனைக் கொள்ளைநோய் தாக்கியது. ஆயினும் ஏடு மடிந்துவிடவில்லை. 1677-இல் தாம் மறையும்வரை அவர் அதை நடத்தினார். ஒளியையும் நிறங்களையும் பற்றிய நியூட்டனின் கட்டுரை 1672-இல் அதில்தான் வந்தது. அந்த ஏடு இன்றும் வெளிவருகிறது.

அதில் நமக்குரிய பாடம் இன்னொன்றும் உண்டு. ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக இருந்த லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளால் நுண்ணுயிர்களைக் கண்டவர். இலத்தீன் அவருக்குத் தெரியாது. தம் தாய்மொழியான டச்சு மொழியில்தான் எழுதினார். அக்கடிதங்களை ஓல்டன்பர்க் ஆங்கிலமாக்கி, 1673 முதல் தம் ஏட்டில் வெளியிட்டார். கண்ணால் கண்டதைத் தாய்மொழியில் தெளிவாகச் சொன்னால் போதும். உலகம் மொழிபெயர்த்துக் கொள்ளும்.

இனி, தொடக்க மாதங்களில் எதிர்ப்படும் செய்திகளுக்கு வருவோம்.

முதலாவது, நாள். ஏட்டுக்குப் பெயர் தேடுவதிலும் முகப்புப் படம் வரைவதிலும் மாதங்களைக் கழிப்போர் உண்டு. என் தாளுக்கு மூன்றாம் இதழ்வரை பெயரே கிடையாது. பெயரில்லாத ஏடு பிழைத்துக்கொள்ளும். நாளில்லாத ஏடு பிழைக்காது. சாமுவேல் ஜான்சன் 'இராம்ப்ளர்' என்ற ஏட்டை 1750 முதல் 1752 வரை செவ்வாய், சனி தவறாமல் வெளியிட்டார். மொத்தம் 208 இதழ்கள். ஒருசில நீங்கலாக எல்லாம் அவர் எழுதியவை. ஊக்கம் வரட்டும் என்று காத்திருந்தால் இருபது இதழ்கூட வந்திரா. முதல் இதழை ஆசை எழுதிவிடும்; இரண்டாம் இதழை ஆசையின் மிச்சம் எழுதும். மூன்றாம் இதழை எழுதுவது நாள்தான். தேர்வுக் காலத்திலும் எழுதக்கூடிய அளவே தாளின் அளவாக இருக்கட்டும். அதனால்தான் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது, வாசகர். பத்துப் பிரதிகள் கொடுத்தால் பத்துப் பேர் படிப்பார்கள் என்பது கணக்கு; உலகம் அப்படியில்லை. ஒன்று கணக்குப் போடும் காகிதமாகும்; மற்றொன்று மேசைக் காலுக்கு முட்டுக்கொடுக்கும். இதில் வருந்த ஒன்றுமில்லை. ஜான்சனின் ஏடே ஐந்நூறு பிரதிக்குமேல் விற்றதில்லை என்பர். தமிழில் சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கி 1970 வரை 'எழுத்து' ஏட்டை நடத்தினார். தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்றார். வாசகர் சிலரே, ஆனால் தமிழில் புதுக்கவிதை வேரூன்றியது அச்சிறு ஏட்டில்தான். ஆகவே எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்பதைவிட, ஒருவராவது திரும்பக் கேள்வி கேட்டாரா என்று பாருங்கள். கேட்டிருந்தால் ஏடு உயிரோடிருக்கிறது.

மூன்றாவது, பொருள். தொலைவில் தேட வேண்டியதில்லை. ஆகஸ்டில் கங்கை செந்நிறமாகப் புரண்டோடியது. முதல் இதழின் பொருள் அதுவே ஆயிற்று. வண்டலின் மிக நுண்ணிய துகள்கள் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம் பெற்றவை. ஒன்றையொன்று விலக்குவதால் திரளாமல் நீரிலேயே மிதக்கின்றன. படிகாரம் அம்மின்னூட்டத்தை அடக்குகிறது. துகள்கள் ஒட்டித் திரண்டு, கனத்து, அடியில் படிகின்றன. இதைப் படித்த ஒரு நண்பர், "எங்கள் பாட்டி குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்களே, அதுவும் இதுதானா?" என்று கேட்டார். ஆம், அவ்விதையிலுள்ள பொருள்களும் துகள்களைத் திரட்டுபவையே. அந்தக் கேள்வியே இரண்டாம் இதழாயிற்று.

நான்காவது, சொல். இதுதான் பலரை அச்சுறுத்துவது. விஞ்ஞானத்துக்குத் தமிழில் சொல் இல்லை என்பது பழைய சாக்கு. வழக்கறிஞராக இருந்துகொண்டே பெ. நா. அப்புசாமி (1891–1986) பல்லாண்டுகள் தமிழில் விஞ்ஞானம் எழுதினார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்து முடிந்தது. சொல் இருக்கிறது, நமக்குப் பழக்கம்தான் இல்லை. என் அனுபவத்தில், கலைச்சொல்லைத் தேடுவதற்குமுன் நிகழ்ச்சியைச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

சனவரி இதழுக்குக் காசியின் மூடுபனியை எடுத்துக்கொண்டேன். தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. பொதுவாக மேலே போகப் போகக் குளிர்ச்சி மிகும். இங்கோ கீழே குளிர்ந்த காற்றும் மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்றும் நிற்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது, மேலெழாது. பானைக்கு மூடி போட்டதுபோலப் பனியும் புகையும் அடங்கிவிடுகின்றன. 'வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம்' என்ற நீண்ட பெயரை இறுதியில்தான் எழுதினேன்.

அந்த இதழின் ஒரு பிரதி தஞ்சை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊருக்கும் அஞ்சலில் போயிற்று. ஒரு வாரம் கழித்து அம்மா தொலைபேசியில் கேட்டார்: "ஏம்பா, மார்கழியிலே வாசல் தெளிக்கும்போது பார்ப்பேனே, அடுப்புப் புகை மேலே போகாமத் தென்னை மட்டத்துக்குப் பாய் விரிச்சாப்போல நிக்குமே, அதைத்தானே எழுதியிருக்கே?"

அதையேதான். நாற்பது மார்கழிகளாக அவர் கண்டுவந்ததைத்தான் நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். என் மூடியை விட அவருடைய பாய் நல்ல உவமை. அன்று மேலும் அரைமணி நேரம் பேசினோம். பணம் வந்ததா என்ற கேள்வி எழவேயில்லை.

தொடக்க மாதங்களில் புகழ் வாராது, பொருளும் வாராது. வருவன இரண்டு. கற்றதில் எது நமக்கே தெளிவாகவில்லை என்பது பேனா நிற்கும் இடத்தில் தெரிந்துவிடும். நமக்குமுன் அதைக் கண்டவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்பதும் தெரியவரும். எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய ஊதியம் வேண்டுமா?

இரசாயனம் பயிலும் நண்பர் சாயப்பட்டறையைப் பற்றி எழுதலாம். தாவர நூல் பயில்பவர் வேப்பமரத்தைப் பற்றி எழுதலாம். பொறியியல் மாணவருக்குப் பம்புசெட்டு இருக்கிறது. ஒரு தாள், ஒரு பேனா, தவறாத ஒரு நாள் ஆகிய மூன்றும் போதும். எழுதிய முதல் பிரதியை அறிவிப்புப் பலகைக்குக் கொடுங்கள். இரண்டாம் பிரதியை ஊருக்கு அனுப்புங்கள்.